மோடத்துக்கும் ஆயுத பூஜை

மகள் பிறந்து ஏழு மாதமாகியும் அவளுடைய அப்பா அவளைப் பார்த்திருக்கவில்லை. அவர் மஸ்கட்டில் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நண்பரின் கம்ப்யூட்டரில் உட்காருவேன், பிள்ளையைக் காட்டு என்று சொல்லியிருந்தார். வெள்ளியை விட்டால் அவருக்கு வேறு லீவு கிடையாது. இதற்காகவே அரியலூர் வீட்டில் பிராட்பேண்ட் வாங்கி, மோடத்தை நானே செட் செய்து, பாஸ்வேர்டையும் மாற்றி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. தையல் மிஷின், மிக்ஸி, கம்ப்யூட்டர், மோடம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பத்தி கொளுத்தினேன். மறுநாள் மோடத்தை ஆன் செய்தால் நெட் வரவில்லை. 192.168.1.1 என்று அடித்து செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் வந்தது. என் பாஸ்வேர்டைத்தான் தப்பு என்றது.

டெலிபோன் ஆபீசுக்குப் போன் செய்தேன். "வாங்கினப்ப இருந்த பாஸ்வேர்டப் போட்டுப் பாருங்க மேடம்" என்றார் அங்கே இருந்தவர். திறந்துகொண்டது. உள்ளே நான் நிரப்பியது ஒன்றுமே இல்லை.

"பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும். அதுல குத்துனா எல்லாம் அழிஞ்சிடும். யாராச்சும் குத்துனாங்களா?"

"எங்க வூட்ல யாருங்க குத்தப் போறா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினேன். நெட் வந்தது. மதியம் கரண்ட் போய் வந்ததும் பழையபடி மறந்துவிட்டது. வியாழன் வரை இதே கதைதான்.

பழி மாமனார் மேல் விழுந்தது. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டில் வீடு. தூசி படிந்தால் அவருக்குப் பொறுக்காது, எதையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்.

"தண்ணிய உள்ள வுட்டுட்டீங்க மாமா. இனிமே அந்த ரூம் பக்கமே வராதீங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கரண்ட் போய் வந்தது. மறுபடியும் பாஸ்வேர்டு தப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தில் ஒயரைப் பிடுங்கி மோடத்தைக் கவிழ்த்தேன். பின்பக்கத்துச் சின்ன ஓட்டைக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பத்திக் குச்சியின் அடி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாழைப்பழங்கள் மற்ற சாமான்களுக்கே தீர்ந்துபோக, மோடத்தை நிமிர்த்தி வைத்து, பத்தி சொருகுவதற்கென்றே விட்ட ஓட்டை மாதிரி இருக்கிறதே என்று நானேதான் குத்தி வைத்தேன். பிடுங்கும்போது அடி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் அது பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வளையலில் கிடந்த ஊக்கால் குச்சியை நெம்பி எடுத்தேன். மறுபடி எல்லாவற்றையும் நிரப்பினேன். பதினொன்றே காலுக்கு அவர் முகம் வந்தது. மகள் திரையைப் பட்பட்டென்று தட்டினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா எங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தால் மாமனார் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க மாமா. நீங்க ஒண்ணும் பண்ணல. நாந்தான் பத்தியக் குத்தி வெச்சிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

"இருக்கட்டும்மா" என்று வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து மகன் முகத்தைப் பார்த்த மனிதர், பேசி முடிக்கும் வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேதான் நின்றார்.