வலித்தாலும் ஓடு

அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேரும்வரை நான் சந்தோஷத்துக்காகத்தான் ஓடினேன். பாலவனத்தத்தில் பருத்தி எடுக்கப் போன அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, காலித் தூக்குச்சட்டி கணகணக்க வண்டிப்பாதையில் ஓடிவருவேன். யாரையும் முந்த வேண்டியதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஓடுவதைப் பார்த்த டிரில் மாஸ்டர், மாவட்டப் பெண்கள் ஓட்டப் போட்டிக்கு என்னைத் தயார்செய்ய ஆரம்பித்தார். காலையிலும் ஓட்டம், சாயங்காலமும் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார். மழையில்லாமல் கல்லாக இறுகிக் கிடந்தது கரிசல் மைதானம். நடுவில் தண்ணீர் கேட்டால், "வயித்தைப் பிடிச்சுக்கிரும், ஓடு" என்பார்.

தை மாதத்தில் இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பில் ஒரு வலி வந்தது. விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். அப்படி ஒரே இடத்தில் வலித்தது.

"சார், எலும்புக்குள்ள வலிக்குது. ரெண்டு நாளு உக்காந்துக்கிறேன்."

"வலிச்சாத்தான் கால் உறுதியாகும். இப்ப உக்காந்தீன்னா அப்புறம் எந்திரிக்கவே மாட்ட."

நம்பினேன். நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாள்.

விருதுநகரில் போட்டி. கடைசி வளைவில் நான்தான் முன்னால் ஓடினேன். சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அது என் காலுக்குள்ளிருந்து வந்தது என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

"இது இன்னைக்கு வந்ததில்ல," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "முன்னாடியே விரிசல் விட்டிருக்கு. வலிச்சப்பவே ஓட்டத்தை நிறுத்தியிருந்தா தானா ஆறியிருக்கும்."

மறுநாள் டிரில் மாஸ்டர் வந்தார். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தேன். அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"அந்த ஆணி வச்ச ஷூ பள்ளிக்கூடத்துது. அடுத்த போட்டிக்கு இன்னொரு பிள்ளை ஓடணும்."

அம்மா அதை எடுத்து நீட்டினாள். "அந்தப் பிள்ளையும் ஒருநா வலிக்குதுன்னு சொல்லும் சார். அப்பவாச்சும் காது குடுத்துக் கேளுங்க."

அவர் ஷூவை வாங்கிக்கொண்டு போனார்.

எலும்பு கூடிவிட்டது. ஓடவும் முடிந்தது, ஓடத்தான் பிடிக்கவில்லை. நாலடி ஓடினாலே அந்தச் சத்தம் எப்போது வருமோ என்று உடம்பு பயந்தது. இன்றைக்கு ஓடுகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வலித்தால் உட்காருங்கள், தாகமெடுத்தால் குடியுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் வாங்குவதற்காக வலியை மறைக்காதீர்கள். ஓட்டத்தில் உள்ள ஆசையை இழந்துவிட்டால் எந்தக் கோப்பையும் அதைத் திருப்பித் தராது.

எனக்குப் பிறகு ஓடிய பிள்ளை ஜெயித்தாள். காலைக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அடுத்த வருஷம் அவளும் ஓடவில்லை. ஏனென்று பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை.