மூன்றாம் லைனின் சிவப்பு அட்டை

உங்கள் வீட்டில் கரண்ட் போகும்போது, யார் வீட்டில் போகவே இல்லை என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

பதினோரு வருடமாக சுவிட்சம்மாவும் கேட்கவில்லை. துணைமின் நிலையத்தில் ஊரின் லைன்களை அணைத்துப் போடும் ஆபரேட்டரே அவள்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு மின்மாற்றிகளின் ரீங்காரத்தில் அந்த அறை தேன்கூடாக இரையும். ஊரே ஒற்றை மார்பாக மூச்சு விடுவதாகவும், அந்த மூச்சுதான் எதிரே மீட்டர் முள்ளில் நடுங்குவதாகவும் அவளுக்குத் தோன்றும்.

அன்று முள் சரிந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்: "உடனே ஒரு லைனை இறக்கும்மா. இல்லேன்னா மொத்தமும் படுத்துடும்!"

லைனுக்கு அரை மணி வெட்டு என்பது கணக்கு. இரண்டாம் லைனின் முறை முடிந்திருந்தது. அடுத்து மூன்று. ஆனால் மூன்றில் 'ஆஸ்பத்திரி, தொடாதே' என்று சிவப்பு அட்டை தொங்கியது. அதன் அரை மணியையும் நான்காம் லைனே சுமக்கும். நான்கில் அவள் அக்காவும், அக்காவின் ஆக்சிஜன் மெஷினும். மெஷின் பாட்டரிக்கு ஆயுள் நாற்பது நிமிடம்.

நேற்றைய ஒரு மணி நேர வெட்டில் அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. "நல்லா வாய்ச்சடி எனக்குத் தங்கச்சி! உன் கையாலயே என் மூச்ச அணைக்கிற."

"உனக்காக வரிசைய மாத்தினா, நாளைக்கு ஆளுக்கொரு அக்கா கிளம்பிடுவாங்க" என்றிருந்தாள் இவள்.

கை நான்கை நோக்கிப் போனது. பாதியில், கனவு கலைந்தது போல நின்றது. ஆஸ்பத்திரி வேறு லைனுக்குக் குடிபோய் ஆறு வருடமாகிறதே! அட்டை மட்டும் போகவில்லை. வாராவாரம் அதைத் தூசி தட்டி மாட்டியவளும் அவளேதான். அதன் நிழலில் இத்தனை வருடம் சுகம் கண்டவை அந்த லைனின் பெரிய பங்களாக்கள்.

அட்டையைக் கழற்றினாள். மூன்றை இறக்கினாள்.

ஐந்தாம் நிமிடம் மேலதிகாரி போனில் குதித்தார். "யாரைக் கேட்டு இறக்கின? என் வீட்ல ஏசி நின்னுபோச்சு!"

"ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்துச்சு சார். உங்க வீட்லயா நடக்குது?"

"திமிரா?"

"எந்த நோயாளிக்காக ஏத்தணும்னு எழுத்துல குடுங்க சார், ஏத்திடறேன்."

எழுத்து வரவில்லை. அரை மணி கழித்து மூன்றை ஏற்றி, நான்கை இறக்கினாள். கரண்ட் திரும்பியதும் அக்கா போனில் கூப்பிட்டாள்: "அடியே, பாட்டரியில இன்னும் பத்து நிமிஷம் மிச்சமிருக்கு!"

மறுநாளே அவளுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. அந்த அட்டையை மறுபடி மூன்றில் மாட்டியிருப்பார்கள். முள் சரியாமலிருக்க, பிற்பகலில் வேண்டாத சுவிட்சை அணையுங்கள். பிறகு மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், உங்கள் ஊரின் மின்வெட்டுப் பட்டியலைக் காட்டச் சொல்லி, எந்த லைன் அதில் இல்லை என்று பாருங்கள்.