யாரைக் கூப்பிடக் கூடாது

அந்த லிப்ட் மெக்கானிக்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. வேலையில் கெட்டி, பேச்சில் முரடு. மனநோயிலிருந்து மீண்டவர்கள் இன்னும் வார்டில் இருப்பவர்களுக்குத் துணை நிற்கவும், அவர்களுடைய குழுவை நடத்தவும் கற்றுத்தரும் ஆறு வாரப் பயிற்சிக்கு வந்திருந்தார். வருகைப் பதிவேடு என் பொறுப்பு. முதல் நாள் அவர் பெயரை எழுதும்போது, இந்த ஆள் யாருக்கு என்ன ஆறுதல் சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பயிற்சி நடத்தியவர் முன்னாள் கணக்கு டீச்சர். அவரும் இரண்டு வருடம் வார்டில் இருந்தவர். "என்கிட்ட யாரும் கதை விடாதீங்க. மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிக்கிறதுல நான் உங்க எல்லாருக்கும் அக்கா" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அவர் வகுப்பில் 'ஏன்' என்ற கேள்விக்குத் தடை. நோயில் விழுந்தவனிடம் ஊரே அதைக் கேட்டு ஓய்ந்திருக்கும். 'அப்புறம் என்ன ஆச்சு' என்று மட்டும் கேட்கலாம்.

மெக்கானிக்குக்கு இது பிடிபடவே மூன்று வாரம் ஆனது.

"ஏன் நின்னுச்சுன்னு கேக்காம லிப்டை எப்படி டீச்சர் ஓட்டுறது?"

"லிப்டுக்கு வெக்கம் கிடையாது. அதை நல்லாக் கேளுங்க. மனுஷனை விட்டுடுங்க."

கடைசி நாள் குடும்பத்தோடு வர வேண்டும். அன்று ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். மறுபடி நோய் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடக் கூடாது, என்ன செய்யக் கூடாது என்று மூன்று கட்டங்கள். குடும்பத்தில் ஒருவர் படித்து, சரி என்று கையெழுத்திட்டால்தான் சான்றிதழ். சான்றிதழ் கிடைத்தால் திங்கட்கிழமை முதல் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு மெக்கானிக்குடையது. எட்டுப் பேரின் பெயரையும் அவர் அதற்குள் மனப்பாடம் செய்திருந்தார்.

முதல் கட்டத்தில் 'மனைவி' என்று எழுதினார். இரண்டாவதில் 'அண்ணன்'. அதற்கு அடியில் தாள் கிழிகிற மாதிரி ஒரு கோடு.

மனைவி துணிக்கடையில் வேலை பார்ப்பவர். தாளைப் படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

"என்னால கையெழுத்து போட முடியாது."

"என்ன விளையாட்டு இது?"

"உங்க அண்ணன் பேரை அடிச்சிட்டு அங்க என் பேரை எழுதுங்க."

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஆறு நாள் தூக்கமில்லாமல் கிடந்த மெக்கானிக், தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நாலாவது மாடியில் லிப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறும் குழிக்குள் தரை இருக்கிறது, நடக்கலாம் என்று சாதித்திருக்கிறார். அண்ணன் வந்து இழுத்துக் கட்டிப்போட்டார். ஆஸ்பத்திரி வேன் வந்தது. மெக்கானிக்கின் நினைவில் மிஞ்சியது கயிறும் அண்ணனின் கைகளும்தான். நினைவு கைகளைப் பார்க்கிறது. யார் சொல்லி அவை அசைந்தன என்று பார்ப்பதில்லை. அன்றோடு பேச்சு அறுந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட இவர் போகவில்லை.

"கட்டச் சொன்னது நான்" என்றார் மனைவி. "உங்க வேலைப் பையில இருந்து கயிறு எடுத்துக் குடுத்ததும் நான். என் தம்பிய மாடு மாதிரி கட்ட மாட்டேன்னு அவர் அழுதாரு. நீங்கெல்லாம் ஒரு அண்ணனான்னு திட்டித்தான் கட்ட வெச்சேன்."

மெக்கானிக்கின் கை, நாற்காலியின் கைப்பிடியைத் தேடியது. அந்த நாற்காலிக்குக் கைப்பிடி கிடையாது. 'ஏன்' என்பது அவர் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றார் மெக்கானிக். யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரியில அவர் பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டினீங்க. நான் ஊட்டினா மட்டும் சாப்பிட்டீங்க. உண்மையைச் சொல்லிடறேன்னு அவருக்கு போன் பண்ணேன். வாயை மூடிட்டு இரு, அவனுக்கு நம்பறதுக்கு ஒரு ஆள் வேணும், திட்டு வாங்க நான் இருக்கேன்னாரு. ஒரு மாசத்துக்குத்தான்னு நெனச்சேன்."

மெக்கானிக் மனைவியின் போனை வாங்கி அண்ணனை அழைத்தார். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மறுமுனையும் கேட்டது.

"சொல்லும்மா. எப்படி இருக்கான்?"

"நான்தான்."

"யாரு போயிட்டா?"

"யாரும் போகல. என்னைக் கட்டும்போது அழுதியா?"

"யாருடா சொன்னது?"

"அழுதியா அண்ணே?"

"அந்தக் கயிறு பூரா கிரீஸ். கண்ணுல பட்டுடுச்சு."

மெக்கானிக் போனை வைத்தார். அவர் மனைவியை மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒன்பது வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கீங்க."

"ஆமா" என்றார் மனைவி.

மெக்கானிக் புதுத் தாள் கேட்டார். முதல் கட்டத்தில் இரண்டு பேரையும் எழுதினார். இரண்டாவதைக் காலியாக விட்டார். மூன்றாவதில் 'கட்டக் கூடாது'.

மனைவி விடவில்லை. "மறுபடி நாலாவது மாடியில போய் நின்னா? அப்ப நான் என்ன பண்ணணும்? அதையும் எழுதுங்க."

மெக்கானிக் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் உதவிக்கு வரவில்லை.

"ரெண்டு நாள் தூங்கலைன்னாலே அண்ணனை வரச் சொல்லு. ஆறாவது நாள் வரைக்கும் பாத்துட்டு இருக்காத."

"திட்டுவீங்களே."

"திட்டுவேன். அப்பவும் வரச் சொல்லு."

அதை எழுதிய பிறகு மனைவி கையெழுத்திட்டார். மெக்கானிக் சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, மனைவிக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.