பாலத்தின் நடுவில் ஒரு குட்டிக் காடி

எழுதத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய காரியத்தை, மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான் செய்ய உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். தாளுக்கு எதிரே யாரும் இல்லை என்ற துணிச்சல்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ரவாங்கில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் மகன் தன் புதுக் காடியை (காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நிறுத்தினான். பெரிதாக நினைக்க வேண்டாம். பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். இரண்டு தூண்களுக்கு நடுவே அது ஈரச் சோப்புக்கட்டி மாதிரி நுழைந்துகொண்டது. பெட்ரோலே குடிக்காது என்று பெருமை பேசிக்கொண்டே ஏதோ பொத்தானை அழுத்தினான். இரண்டு பக்கக் கண்ணாடிகளும் தாமாக மடங்கின. என் கை தானாக ஜன்னல் பக்கம் போனது. மூக்கில் எலுமிச்சை வாசம் வேறு. கீழ்த்தளத்தில் எலுமிச்சை ஏது? எண்பதுகளில் இருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். எனக்குப் பதினெட்டு வயது; நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை. நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. ரவாங் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இடம் கிடைத்திருந்தது. அவர்களுடைய பஸ் பெரிய சாலை முச்சந்தி வரை கொண்டுவந்து விடும். ஆனால் மாலை ஷிப்டு முடிந்து வருவதற்குள் தோட்டத்து முன் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மிச்சம் இருந்த வழி, லயத்துக்குப் பின்னால் வாய்க்காலின் மேல் போட்டிருந்த பலகைப் பாலம்.

மோட்டார் சைக்கிளில் கூட்டி வரலாமே என்பீர்கள். முந்தைய மழைக்காலத்தில் அந்தப் பலகையில்தான் அப்பா மோட்டாரோடு சறுக்கி விழுந்து தோளை இறக்கிக்கொண்டார். இனிமேல் இரண்டு சக்கரத்தில் பெண்ணை ஏற்றக் கூடாது என்று அம்மா ஒரே பிடி. ஆகவே காடி வேண்டும், அதுவும் அந்தப் பாலத்தில் நுழைகிற காடி. இல்லையென்றால் நான் மறுபடி மண் நிரப்பவே போக வேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். காடி வந்தது அதற்கு முந்தைய ஞாயிறு.

செகிஞ்சானில் அரிசிக்கடை வைத்திருந்த சீனர் ஒருவர் தன் குட்டி ஜப்பான் காடியை விற்கப்போவதாக அப்பாவுக்குத் தகவல் வந்திருந்தது. முதல் நாளே மூங்கில் கழியோடு போய், ஒரு டயரின் வெளி ஓரத்திலிருந்து மறு டயரின் வெளி ஓரம் வரை அளந்து, கரிக்கோடு போட்டு வந்தார். பாலத்துக் கைப்பிடிக் குழாய்களுக்கு நடுவில் கழியை வைத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறவர். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் பெரிய காடி குடிக்கிற எண்ணெயில் ஒரு லயமே சமைத்துச் சாப்பிடலாம் என்பார். இதைப் பற்றி, "இது பெட்ரோலு குடிக்காதுலா மச்சான், மோந்துதான் பாக்கும்" என்றார்.

சீனர் காடியை அக்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார். விலை பேசி முடிக்கும் முன்பே அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்துவிட்டு, யாருக்காக வாங்குகிறோமோ அவள்தான் முதலில் ஏற வேண்டும் என்று என்னை முன் இருக்கையில் தள்ளினார். பிறகு கற்பூரத் தட்டோடு இக்கரைக்கு நடந்து வந்து நின்றார். அங்கே லயமே கூடியிருந்தது. எல்லாக் கண்ணும் என் மேல்தான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையில் எல்லாரும் காடியைத்தான் பார்த்திருப்பார்கள்.

அப்பா காடியைக் கிளப்பினார். எலுமிச்சைகள் நசுங்கின. முன் சக்கரம் பலகையில் ஏறியதுமே கண்ணாடி குழாயில் 'டக்' என்று இடித்தது. அப்பா விறைத்துப் போனார். டிராக்டரில் சக்கரம்தான் அகலம். உடம்பு அதற்குள் அடங்கிவிடும். இருபது வருடம் டிராக்டர் ஓட்டியவருக்கு, காடியின் உடம்பு சக்கரத்தைத் தாண்டி வெளியே வரும் என்று தோன்றவே இல்லை.

அவர் பக்கத்துக் கண்ணாடியை அவர் மடக்கினார், என் பக்கத்தை நான். பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. முக்கால் தூரம் வந்ததும் உள்பக்கம் சாய்ந்திருந்த ஒரு கைப்பிடித் தூண் என் கதவைத் தொட்டது. அப்பா பக்கம் விரல் நுழைய இடமில்லை. கதவைத் திறந்து இறங்கவும் முடியாது. கீழே தேத்தண்ணி நிறத்தில் வாய்க்கால்.

சீனர் பாலத்தில் ஏறி எங்கள் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, பின்னுக்கு வா, ஒன்னும் வேணாம், நான் வீட்டுக்குப் போறேன். முன்னுக்குப் போயி கீறுச்சுன்னா, இது உன் காடி லா."

நியாயமான பேச்சு. இக்கரையிலிருந்து மாமா, கிண்டல் எல்லாம் போய், "வந்துரு மச்சான், பலகை தாங்காது" என்றார். அம்மாவின் தட்டில் கற்பூரம் அணைந்திருந்தது, அவர் கவனிக்கவில்லை.

அப்பா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ரிவர்ஸ் கியரில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் என்னைக் கேட்டு எதையும் முடிவு செய்கிற வழக்கம் இல்லை.

"என்னாம்மா சொல்ற? முன்னுக்கா, பின்னுக்கா?"

நான் என் நகக்கண்ணின் கறுப்பைப் பார்த்தேன்.

"முன்னுக்குப்பா."

தகரம் கீறும் சத்தம் பல் வரை ஏறியது. அது முடியவே முடியாது போலிருந்தது. திடீரென்று சத்தம் நின்று, சக்கரத்துக்குக் கீழே மண் மெத்தென்று இருந்தது. சீனர் ஓடி வந்து கதவைத் தடவிப் பார்த்தார். கீறல் கதவிலிருந்து பின் சக்கரம் வரை. சாவியை அப்பா கையிலேயே விட்டுவிட்டு, செகிஞ்சானுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அடுத்த வாரம் மாமா அந்தத் தூணை அரைமணி நேரத்தில் நிமிர்த்திவிட்டார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கீறலுக்கு மட்டும் அப்பா கடைசி வரை சாயம் பூசவில்லை.

இப்போது பாலம் இல்லை. வாய்க்காலைக் குழாய்க்குள் விட்டு மேலே சாலை போட்டுவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள், வாசலுக்கு இரண்டு காடி. எங்கள் குட்டிக் காடியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். அப்பாவும் போய்விட்டார்.

பாலத்தைக் கடந்த மறுநாள், திங்கட்கிழமை, நான் வேலைக்குப் போனேன். பஸ் முச்சந்தியில் இறக்கிவிட்டபோது காடி நின்றிருந்தது. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.