யாக்கோப்பு சொன்ன ‘மோ’

முல்லைத்தீவுக் கடற்கரையில் யாக்கோப்பின் பேச்சை எடுத்தால், “சரியான பிடிவாதக்காரன்” என்றுதான் தொடங்குவார்கள். சொந்த வள்ளம் இல்லாமல் பிறத்தியாருக்காகவே வருஷக்கணக்கில் கடலில் மாய்ந்தவன். கடைசியில் கிட்ட நின்று பார்த்துப் பார்த்து ஒரு வள்ளம் கட்டுவித்தான். அந்தோனியாரின் பெயர் வைத்து, சுவாமியாரைக் கொண்டு மந்திரிப்பித்துத் தண்ணீரில் இறக்கினான்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று மூர்க்கமாய் அடித்த ஒரு பின்னேரம் நடுக்கடலில் பாய்மரம் முறிந்தது. யாக்கோப்பும் மைத்துனன் ஸ்ரீபனும் கரை கண்ணிலிருந்து மறையும்வரை துடுப்புப் போட்டுப் பார்த்தார்கள். காற்று விடவில்லை. குடிதண்ணீர் முடிந்து, ஸ்ரீபன் காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியபோதுதான், சூரை மீன் பிடிக்க வந்த யப்பான் கப்பலொன்று அவர்களைக் கண்டது. இருவரையும் மேலே தூக்கி, வள்ளத்தைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

கப்பலில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. சமையற்காரர் மொரிட்டாதான் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்வார். சோறு ‘கோஹன்’, மீன் ‘சக்கானா’, நான் என்பதற்கு ‘வத்தாஷி’, பின்னால் ஆடி ஆடி வந்த வள்ளம் ‘ஃபுனே’. சோற்றைப் போட்டுவிட்டு மீனைத் தூக்கிக் காட்டி, “சக்கானா மோ?” என்பார். பிறகு தேத்தண்ணீரைக் காட்டி, “ஓச்சா மோ?”

யாக்கோப்பு சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஸ்ரீபனைத் தட்டினான். “மச்சான், அந்த ‘மோ’ எங்கட ‘உம்’ எல்லோ! மீனும் வேணுமோ, தேத்தண்ணியும் வேணுமோ எண்டு கேக்கிறார்.”

“காய்ச்சல் எனக்கோ உனக்கோ?” என்று ஸ்ரீபன் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் கப்பல் தலைவர் கடற்படத்தை விரித்தார். யாக்கோப்பு முல்லைத்தீவில் விரலை வைத்தான். அங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்று அவர் தலையசைத்தார்.

மத்தியானம் கடல் கொந்தளித்தது. வள்ளம் எகிறி எகிறிக் கப்பலில் மோத, கயிற்றை வெட்ட ஒருவன் கோடரியோடு வந்தான்.

“ஃபுனே!” என்று கத்தினான் யாக்கோப்பு.

“ஓம், ஃபுனேதான்” என்பதுபோல அவன் தலையாட்டிவிட்டுக் கோடரியை ஓங்கினான். யாக்கோப்பு கயிற்றின் மேல் குப்புற விழுந்தான். சத்தம் கேட்டுத் தலைவரே ஓடிவந்தார். யாக்கோப்பு தன் நெஞ்சில் அடித்து, “வத்தாஷி, முல்லைத்தீவு!” என்றான். பிறகு வள்ளத்தைக் காட்டி உயிரைக் கொடுத்துக் கத்தினான்: “ஃபுனே மோ! ஃபுனே மோ!”

தலைவர் அவனையே பார்த்தார். “ஃபுனே மோ?”

“ஃபுனே மோ!”

மொரிட்டா கைதட்டிச் சிரித்தார். தலைவரும் சிரித்துவிட்டு உரத்த குரலில் ஏதோ கட்டளையிட்டார். கோடரி கொண்டுவந்தவனே சங்கிலியை மாட்ட, பாரந்தூக்கி உறுமியது. அந்தோனியார் தண்ணீர் சொட்டச் சொட்டக் கப்பல் தட்டில் வந்து குந்தினார். யாக்கோப்பு வள்ளத்தின் முன்பக்க அணியத்தைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதான்.

முல்லைத்தீவுக்கு வெளியே வள்ளத்தை இறக்கிவிட்டு, கப்பல் நீளமாய் ஊதியது. இருவரும் தாங்களே துடுப்புப் போட்டு வந்தார்கள். புருஷன் செத்தானென்று உடுத்த கறுப்புச் சேலையோடு யாக்கோப்பின் மனைவி றோசம்மா இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவந்தாள். யாக்கோப்பு இறங்கப் போனான்.

“இறங்காதேங்கோ, அப்பிடியே இருங்கோ! வள்ளத்தையும் சேத்துத் தூக்கிறம்!” என்றாள் அவள்.

கரையில் நின்ற சனமெல்லாம் ஓடிவந்து, இரண்டு பேரையும் உள்ளேயே வைத்து வள்ளத்தை மணலில் ஏற்றியது.