சடையம்மாவின் பங்கு

எனக்கு எழுபத்தைந்து வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, தங்கியது மூன்று, அந்த மூன்றையும் ஒற்றை ஆளாக நின்று வளர்த்தேன். அது போக, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் இருபத்திரண்டு வருடம் சோறு வடித்தேன், அந்தப் பிள்ளைகளையும் நான் வளர்த்த கணக்கில்தான் சேர்ப்பேன், யார் என்ன சொன்னாலும் சரி.

பேய், காத்து, கருப்பு என்று யாராவது வாயெடுத்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்குகிற ஆள் நான். விடிவதற்கு முன்னால் தனியாக அடுப்பு மூட்டியவளுக்கு அதையெல்லாம் நம்ப எங்கே நேரம்? எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ் பலகை படிக்கத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் பேத்தி. அவளே நடுவில் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறாள். நீங்களும் பார்ப்பீர்கள். பாருங்கள், நான் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை.

என் வேலையில் எனக்கென்று ஒரு முறை உண்டு. நோட்டில் எழுதிவைக்கத் தெரியாது என்பதால் அரிசி எடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, பெயருக்கு மூன்று கை அள்ளிப் போடுவேன். ஊருக்குப் போனவள் பெயரைச் சொல்லமாட்டேன். அதனால் ஒரு நாளும் சோறு மீந்ததில்லை, பற்றாமலும் போனதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்த ஒரு நாள் சடையம்மாவால் வந்தது. சடையம்மா கரியாலூருக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துப் பெண், அவள் வீட்டில் முதல் முதலில் கல்லூரிக்கு வந்தவள். சாப்பிட உட்கார்ந்தால் முதல் பிடிச் சோற்றை இலையின் மூலையில் உருட்டி வைத்து, கட்டைவிரலால் ஒரு குழி அழுத்துவாள். கேட்டால், "எங்கம்மா பங்கு ஆயா" என்பாள். அவள் அம்மா அப்போது உயிரோடு இல்லை. ஒரு ஞாயிறு ஊருக்குப் போனவள் திங்கள் காலையில் வரவில்லை, நானும் அவள் பெயரைச் சொல்லாமல் அரிசி போட்டுவிட்டேன். மழையில் பஸ் ஓடாமல் பாதி மலையை நடந்தே இறங்கி, மத்தியானம் பந்தி முடிகிற நேரத்துக்கு நனைந்துகொண்டு வந்து நின்றாள். சோறு இல்லை. இல்லை என்கிற வெட்கம் எனக்குக் கோபமாக வந்தது. "மலையிலயே தின்னுட்டு எறங்கறதுக்கு இன்னாடி கேடு?" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். அந்த வாரமே அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார், பரீட்சைகூட எழுதவில்லை. என் வாய்தான் அவளை விரட்டியது என்று இருபத்தெட்டு வருடம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன், பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் சடையம்மாவோடு படித்த அந்த வருடத்துப் பிள்ளைகள் சனி ஞாயிறு இரண்டு நாள் கரியாலூரில் ஒரு வீட்டை எடுத்துக் கூடினார்கள். என்னைக் கூப்பிட தியாகதுருகத்துத் தேன்மொழி காரே அனுப்பினாள். அவள் இப்போது போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், விடுதியில் கரப்பான்பூச்சிக்குக் கூச்சல் போட்டவள். எலவனாசூர்கோட்டை ரஷீதா சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஒருத்தி புருஷன் போனபிறகு ஆட்டோ ஓட்டி மகளை டாக்டருக்குப் படிக்கவைக்கிறாள். ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று தன் கதையைச் சொல்லச் சொல்ல என்னால் உட்கார முடியவில்லை, இதெல்லாம் என் சோறு தின்ற உடம்பு என்று ஒரு கர்வம். வராதவர்களைப் பற்றியும் சொன்னார்கள், ஒருத்தி துபாயில், ஒருத்தி போய்ச்சேர்ந்துவிட்டாள். சடையம்மா பெயர் வந்தபோது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. குடும்பமே கேரளாப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விட்டது என்று மட்டும் ஊரில் சொன்னார்களாம். உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க நாக்கு எழவில்லை எனக்கு.

ஞாயிறு மத்தியானம் நான்தான் சமைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"ஓட்டல்ல சொல்லிட்டம் ஆயா, நீ ராணி மாரி குந்து" என்றாள் தேன்மொழி.

"உன் லத்திய நீ புடி, என் கரண்டிய நான் புடிக்கிறேன், போடி" என்றேன்.

மலைச் சாமை அரிசி, மொச்சைக் குழம்பு, ரசம். வந்தவர்கள் பதினெட்டு, நான் ஒருத்தி, பத்தொன்பது. பெயர் சொல்லி அள்ளிக்கொண்டே வந்தேன், கடைசியில் என் பங்கையும் போட்டேன், அப்புறம் என் வாய் தானாக "சடையம்மா" என்றது, கையும் மூன்று தடவை போய் வந்தது. போட்டதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, விட்டுவிட்டேன்.

வெளியே நல்ல பகல் மழை. கூடத்தில் ஒரே வரிசையாக உட்கார்ந்தார்கள். பரிமாறும்போது நான் முகம் பார்ப்பதில்லை, குனிந்தபடி இலையும் கையும்தான் பார்ப்பேன், முதுகும் இப்போது நிமிர்வதில்லை. சோறு, குழம்பு, மறுபடி சோறு, எல்லாம் போயிற்று. ரசத்தில் இரண்டாவது சுற்று வந்தபோது கடைசி இலையில் ஒரு கை குழித்து நீட்டியபடி இருந்தது. மெலிந்த கை, கரும்பச்சை வளையல் இரண்டு. சாய்த்துப் பார்த்தால் ரசத் தூக்குவாளியில் சொட்டு இல்லை. "இரும்மா, எட்த்தாறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். ரசத்தில் கரண்டியை விடும்போதுதான் உறைத்தது, அந்த இலையின் மூலையில் ஓர் உருண்டை இருந்தது, நடுவில் குழி.

ஓடி வந்தேன், என்னால் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. கடைசி இலை சாப்பிட்டவர் பக்கமாக மடித்துக் கிடந்தது. ஆள் இல்லை.

"இங்க குந்தி சாப்ட்டது யாருடி?"

பக்கத்து இலை ரஷீதா நிமிர்ந்து பார்த்தாள். "அது உங்களுக்குப் போட்ட எலை ஆயா. யாரும் குந்தலியே. நீங்களே அதுல சோறு வெச்சிக்கினு போனீங்க, அப்புறமா வந்து சாப்புடத்தான் வெக்கிறீங்கன்னு நெனச்சேன்."

இலையைப் பிரித்தேன். துடைத்ததுபோல் சாப்பிட்டிருந்தது, மூலையில் அந்த உருண்டை மட்டும் அப்படியே. தேன்மொழி எச்சில் கையோடு வெளியே போய் நாலு பக்கமும் பார்த்து வந்தாள். "பசியோட யாராச்சும் ஊர்க்காரங்க வந்து தின்னுட்டு போயிருப்பாங்க ஆயா, வுடு" என்றாள். இருக்கலாம், நானும் அதையே நினைத்துக்கொண்டேன். ஆனால் சட்டியில் மிச்சம் இருந்தது சரியாக ஓர் ஆள் சோறு. அதுதான் என் பங்கு. வேறோர் இலை போட்டுச் சாப்பிட்டேன். மற்ற பங்கு எல்லாம் கணக்காகப் போயிருந்தது.

ரசம் ஊற்றாமல் வந்ததையும் அந்த நீட்டிய கையையும் நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. என்னவோ, அது மட்டும் வாயில் வரவில்லை.

பத்து நாள் கழித்துத் தேன்மொழி போன் போட்டாள். போலீஸ் மூளை, சும்மா இருக்குமா. இடுக்கிப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் சடையம்மாவைக் கண்டுபிடித்துவிட்டாள். உயிரோடு, நன்றாக! அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதால்தான் படிப்பை விட்டாளாம், முப்பது வயதுக்கு மேல் தபாலில் படித்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டீச்சர் ஆகியிருக்கிறாள். எனக்கு மார் விம்மிப் போயிற்று. அதே போனில் சடையம்மாவையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"ஆயா, நல்லா கீறியா?"

"அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னேனே, மறந்துட்டியாம்மா?"

"மறக்கல ஆயா. அதனாலதான் எங்க பள்ளிக்கூடத்துல தெனம் ஒரு ஆள் சோறு ஜாஸ்தியா வடிக்கச் சொல்லிக்கினு கீறேன். லேட்டா வர்ற புள்ள ஒண்ணு எப்பவும் இருக்குது."

நான் அழுதேன், அவள் சிரித்தாள். அப்புறம் சொன்னாள், நாங்கள் கூடின அந்த ஞாயிறு மத்தியானம் காய்ச்சலில் படுத்திருந்தாளாம், பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லையாம், கண் அசந்து எழுந்தால் வயிறு நிறைந்திருந்ததாம், கையில் மொச்சைக் குழம்பு வாசனையாம். கனவென்று நினைத்துக்கொண்டாளாம். அன்றைய சாப்பாட்டைப் பற்றித் தேன்மொழி சொல்லியிருப்பாள் என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன். போனை வைக்கப் போகிறபோது சொன்னாள்:

"ரசத்துக்கு கைய நீட்டிக்கினே குந்தியிருந்தேன் ஆயா. எட்த்தாறேன்னு போன, வரவே இல்லியே."

வருகிற ஐப்பசியில் நேரில் வருகிறாளாம். வரட்டும், அவள் கையில் ஊற்றிவிட்டால் எனக்குப் போதும். அதுவரை ரசச் சட்டியைக் கவிழ்க்கும்போதெல்லாம் ஒரு கரண்டி நிறுத்திவைக்கிறேன், யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

போதும், பேனாவை வை பாப்பா. எழுதினதைப் படி, கேட்போம். முதலிலிருந்து வேண்டாம், "இரும்மா, எட்த்தாறேன்" என்று சொன்னேனே, அந்த இடத்திலிருந்து படி.