இரண்டு நடைபாதை விமானம்

புங்குடுதீவுக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால், சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்பதற்கு முன்னர் எந்த விமானத்தில் வந்தீர்கள் என்றுதான் கேட்போம். அதற்குப் பிறகு உள்ளே எத்தனை நடைபாதை என்று கேட்போம். இரண்டு பக்கமும் சீட், நடுவிலும் சீட், நடக்க இரண்டு பாதை என்றால் வந்தவருக்கு ஒரு மரியாதை. ஒற்றைப் பாதை விமானம் என்றால், பாவம், பஸ்ஸில் வந்திருக்கிறார் என்று தேத்தண்ணி கொடுப்போம்.

நான் இதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. ஆனாலும் எந்தக் கம்பனி கால் நீட்ட இடம் தரும், எது பழைய விமானத்துக்குப் பெயின்ற் அடித்து ஓட்டுகிறது, எதில் சோறு கேட்டால் பாண் தருவார்கள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். விரும்பித் தெரிந்துகொண்டவை அல்ல. ஒவ்வொரு ஆடியிலும் கோயில் திருவிழாவுக்கு வந்து நிற்பவர்கள் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. நட்டப்பட்டு இழுத்து மூடிய கம்பனிகளின் கரண்டிகளும் கம்பளித் துண்டுகளும்கூட எங்கள் குசினிகளிலும் அலுமாரிகளிலும் இருக்கின்றன. கேட்டால் 'தந்தவங்கள்' என்பார்கள். கரண்டியை யார் தருவான்?

இவர்களில் பாதிப்பேர் முதல்முறை போனபோது ஏஜென்சிக்காரன் காட்டிய காட்டுக்குள்ளால் பனியில் நடந்து எல்லை கடந்தவர்கள். என் தம்பி மரப்பெட்டிகளுக்கு நடுவே லொறியில் படுத்துப் போனவன். இப்போது அவனிடம் அடிக்கடி பறப்பவர்களுக்கு ஒரு கம்பனி கொடுக்கும் தங்க நிற அட்டை இருக்கிறது. அந்தக் கம்பனியின் அகன்ற விமானம் தவிர வேறு எதிலும் ஏறமாட்டான். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வரும் சின்ன விமானத்தைப் பற்றிச் சொன்னால், "காத்தாடி வைச்ச சாமானிலை நான் ஏறவோ அண்ணை?" என்று சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அம்மா மூன்று வருடம் படுக்கையில் இருந்தா. நானும் மனைவியும்தான் பார்த்தோம். பிரதேச சபை வேலைக்குப் போகுமுன் அம்மாவைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கிவிட்டுத்தான் நான் சைக்கிள் எடுப்பேன். வாயைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா ஒரே கதையைத்தான் சொல்லுவா.

"எனக்குக் கொள்ளி சின்னவன்தான் வைக்கவேணும். நீ வைச்சிடாதை. அவன் வருமட்டும் என்னை வைச்சிருங்கோ."

எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். அது எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கு நான்தான் வைத்தேன். ஆனாலும் மூன்று வருடம் அழுக்குத் துணி தோய்த்த கையைப் பார்த்து, நீ வைச்சிடாதை என்று சொன்னால் மனம் நோகாதா? நொந்தது. ஓமம்மா, ஓமம்மா என்று சொல்லிக்கொண்டு வெளியே போய் நின்றுவிடுவேன்.

அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப்போனா. உடனே தம்பிக்கு அழைத்தேன். அழுதான். பிறகு டிக்கெற் பார்க்கிறேன் என்றான். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்ப அழைத்தான்.

"இண்டைக்கு ஒண்டு இருக்கு அண்ணை. ஆனா வேறை கம்பனி. கொழும்புக்கு வாறது ஒற்றைப் பாதைப் பிளேன். முழங்கால் முட்டும், என்னாலை ஏலாது. வியாழக்கிழமை எங்கடை கம்பனியின்ரை பெரிசு இருக்கு. அதிலை வாறன்."

"அம்மா கிடக்கிறா."

"மருந்து ஏத்தி வைச்சிருப்பினம் தானே அண்ணை. எல்லாரும் வைச்சிருக்கினம்."

அதுதான் எங்கள் ஊர்க்காரருக்கு வந்திருக்கிற நோய். பிரேதம் காத்திருக்கும் என்ற நம்பிக்கை. யாழ்ப்பாணத்து மலர்ச்சாலைக்காரர் வந்து உடல் கெடாதிருக்க மருந்து ஏற்றிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் ஆறுதலாகச் சீட் தெரிவு செய்வார்கள். சன்னல் பக்கமா, நடைபாதை பக்கமா என்று யோசிப்பார்கள். நான் போனை வைத்தேன்.

மூன்று நாள் அம்மா விறாந்தையில் கிடந்தா. வியாழன் இரவு தம்பி புறப்பட்டான் என்று செய்தி வந்தது. எங்கேயோ ஒரு பாலைவன நாட்டில் விமானம் மாறி, வெள்ளி இரவு அங்கிருந்து ஏறி, சனி விடியக் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் இறங்குவான். அங்கிருந்து ஊருக்கு வர, வழக்கமாகப் பிடிக்கிற வான் வண்டியைத் தானே சொல்லி வைத்திருந்தான். மத்தியானத்துக்குள் வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை பத்து மணிக்குக் கிரியை தொடங்குவதென்று குருக்களோடு பேசி முடிவு செய்தோம்.

சனி விடியற்காலை செத்தவீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபரிடம் வானத்தில் பறக்கிற விமானங்களைக் காட்டுகிற ஒரு செயலி இருந்தது. அவர் கதிரையில் இருக்க, பத்துப் பன்னிரண்டு பேர் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். நீலக் கடலுக்கு மேலே ஒரு மஞ்சள் விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. பிரேதத்துக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட இடையில் எழும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இப்ப அரபிக்கடலிலை நிக்கிறான்."

"பெரிய பிளேன்தான். ரெண்டு பாதை. இதிலை எழுதிக்கிடக்கு."

"பெடியன் தாய்க்காகப் பெரிய பிளேனிலையெல்லோ வாறான்!"

விமானம் கட்டுநாயக்காவில் நின்றதும் தபாலதிபர் கையை உயர்த்தினார். "இறங்கீட்டான்!" என்றார். சிலர் பெருமூச்சு விட்டார்கள். யாரோ ஒருவர் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

அப்போதுதான் என் போன் ஒருமுறை சத்தமிட்டது. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். தம்பியின் செய்தி.

"அண்ணை, நான் இந்தப் பிளேனிலை வரேல்லை. உங்களுக்குச் சொல்லப் பயந்து இவ்வளவு நேரமும் போடேல்லை. ஆக்கள் கூடிப்போச்சாம். சீட்டை விட்டுக்குடுக்கிறவைக்கு அடுத்ததிலை முன்பக்கம் படுக்கிற சீட் தாறம் எண்டு கேட்டவங்கள். நான் ஓம் எண்டிட்டன். இண்டைக்குப் பின்னேரம் இறங்குவன். நாளைக்கு விடிய வீட்டை நிப்பன். அம்மாவை வைச்சிருங்கோ. ஒரு நாள் தானே."

இரண்டு தரம் வாசித்தேன். படுக்கிற சீட். அம்மா மூன்று வருடம் படுத்தது போதாது, இவனும் படுத்துக்கொண்டு வரப்போகிறான். அவ்வளவு கேவலமாக அந்த நேரம் அவனை நினைத்தேன். கிணற்றுக்குள் போனைப் போட்டுவிடலாம் போல் இருந்தது. போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.

"தம்பி என்னவாம்?" என்று தபாலதிபர் கேட்டார்.

"வந்துகொண்டிருக்கிறான்" என்றேன்.

பத்து மணிக்குப் பறை அடிக்கத் தொடங்கினார்கள். குருக்கள் என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். "தொடங்குங்கோ ஐயா" என்றேன். அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். சுண்ணம் இடித்தார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். இவ்வளவும் முடிந்த பிரேதத்தை இன்னொரு நாள் வைத்திருக்க ஏலாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தொடங்கச் சொன்னேன்.

ஒரு மணியானது. ஆட்கள் வான் வரவேண்டிய ஒழுங்கையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒன்றரையானது. வழியில் ஏதோ தாமதம், போனும் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இனிக் காத்திருக்க ஏலாது" என்றேன். "நான் வைக்கிறன்."

சுடலையில் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. திருப்தியாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் திருப்தியாகத்தான் இருந்தது. மூன்று வருடம் துடைத்தவன் நான், நான்தான் வைப்பேன் என்று மனதுக்குள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வைத்தேன்.

தம்பி அடுத்த நாள் விடிய வந்தான். வான் வாசலில் நின்றதும் தபாலதிபர் முன்னுக்குப் போனார். துக்கம் விசாரிக்கவில்லை.

"என்ன தம்பி, நேற்றுப் பிளேன் இறங்கினதை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். நீர் எங்கை நிண்டனீர்? வரேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்ணை பிரேதத்தை எடுத்திருப்பாரோ?"

போனை எடுத்து எல்லோருக்கும் காட்டப் போகிறான் என்று நினைத்தேன். தம்பி என்னை ஒருமுறை பார்த்தான்.

"சொல்லேல்லை" என்றான். "நித்திரையாப் போனன். என்ரை பிழைதான்."

அன்றைக்கே காடாற்று. எலும்பு பொறுக்கி, பால் ஊற்றி, சாம்பலைக் குடத்தில் அள்ளினோம். மற்றவர்கள் முன்னே நடக்க, நாங்கள் இருவரும் பின்னால் வந்தோம். அவனுடைய வெள்ளைச் சப்பாத்து முழுக்கச் சாம்பல். நிலத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"அந்த மெசேஜை நேற்று விடியவே பாத்திட்டியள், என்ன அண்ணை? ரெண்டு குறியும் நீலமானது. நான் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் ஓம் எண்டும் போடேல்லை, இல்லை எண்டும் போடேல்லை."

நான் சாம்பல் குடத்தை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அந்தச் சீட்டிலை படுக்கேல்லை அண்ணை. ஏலாமப் போச்சு."

அவன் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்து திரும்பிப் போய்விட்டான். இரண்டு நடைபாதை விமானத்தில்தான் போனான். பெரிய சீட்டுக்கு ஆசைப்பட்டுத் தாய்க்குக் கொள்ளி வைக்காதவன் என்று ஊர் இன்றைக்கும் அவனைப் பேசுகிறது. கடையில், கோயிலில், பஸ்ஸில் எல்லாம் பேசுகிறார்கள். பேசி முடிக்கும்போது, அண்ணன்காரன்தான் பிள்ளை என்று என் முதுகில் தட்டுகிறார்கள். நான் தட்டவிட்டுக்கொண்டு நிற்கிறேன்.